நோயில் பெரும்பகுதி போனபின் முயல் வம்சத்தைத் திரும்ப எழுப்புவது: மிஞ்சியவற்றை வைத்தே தொடங்கலாமா?

சாம்பல்காது (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போகிற ஆளாகத்தான் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

சின்னப் பண்ணைதான். இருபதுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாய் முயல்கள், நான்கு ஆண்கள். நியூசிலாந்து வெள்ளை இனத்தில் தொடங்கி, சின்சில்லா இன ரத்தம் கொஞ்சம் சேர்த்து, பல வருடமாக நானே தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சம். எடை பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாய்மைக் குணம் நன்றாக இருக்கும். பெட்டியில் நிறைய முடி பிடுங்கிப் போடும், குட்டிகளை மிதிக்காது, கம்பித் தளத்தில் நின்றாலும் பாதம் புண்ணாகாது.

போன மாதம் எல்லாம் சரிந்துவிட்டது. காலையில் தீவனம் தின்ற முயல் மாலையில் கால் நீட்டிக் கிடந்தது. சிலவற்றின் மூக்கில் ரத்தம். பெட்டிக்குள் கண் திறந்து கொஞ்ச நாளான குட்டிகளும் போயின. மிஞ்சியது ஐந்து பெண், ஓர் ஆண், தாயிடமிருந்து பிரித்து வைத்திருந்த சில குட்டிகள். இதற்கு முன்பே சில முயல்களுக்குத் தும்மல் இருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

மிஞ்சியவற்றை வைத்தே மறுபடி தொடங்கலாமா? தெரிந்த ஒருவர் பண்ணையை மூடுகிறார், எல்லா முயலையும் மொத்தமாகத் தருகிறேன் என்கிறார். உடனே எடுத்துக்கொள்ளட்டுமா?

ஊசிமருந்து

பிரேதப் பரிசோதனை செய்தீர்களா? செய்யவில்லை என்றால் உங்கள் முதல் கேள்விக்கு யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. மிஞ்சியதை வைத்துக்கொள்வது ஒரு நோய்க்குச் சரியான முடிவு, இன்னொரு நோய்க்கு வினையை விலைக்கு வாங்குவது.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் முயல் ரத்தக்கசிவு நோய் மேல்தான் சந்தேகம் வருகிறது. 1984-ல் சீனாவில் முதலில் பதிவான நோய். அந்தப் பழைய வைரஸ் இரண்டு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். 2010-ல் பிரான்சில் தென்பட்ட இரண்டாம் வகை அப்படியில்லை. பெட்டியில் கிடக்கும் இரண்டு மூன்று வாரக் குட்டியையும் கொல்லும்.

ஆனாலும் திடீர்ச் சாவெல்லாம் அதுதான் என்று முடிவு கட்டக் கூடாது. வெயில் தாக்கம், பூஞ்சணம் பிடித்த தீவனம், குடலில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி விடும் நச்சு, பாஸ்டுரெல்லா கிருமி ரத்தத்தில் கலப்பது என்று பல காரணம் உண்டு. வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இனி ஒன்று இறந்தால் குளிரில் வையுங்கள், உறைய வைக்க வேண்டாம். இரண்டு பையில் கட்டி, ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொண்டு போங்கள். ஈரல் முக்கியம். ஏற்கெனவே உறைய வைத்த உடல் இருந்தாலும் வீணில்லை. திசுவை நுண்ணோக்கியில் பார்க்கத்தான் ஆகாது, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு ஆகும். அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் இந்த நோயைத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம்.

அதுவரை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். முயல் வளர்க்கிற யாரையும் கொட்டகைக்குள் விடாதீர்கள்.

வைக்கோல்பிரி

டாக்டர் சொல்வது சரிதான், ஆனால் ஒரேயடியாகப் பயமுறுத்த வேண்டாம். தம்பி, இத்தனை சாவுக்கு நடுவில் நின்ற ஆறு முயலும் சாதாரண முயல் இல்லை. எதிர்ப்புச் சக்தி உள்ளதுதான் நிற்கும். அந்த ஆறையும் விட்டுவிட்டு வெளியிலிருந்து வாங்கினால், அடுத்த முறை நோய் வரும்போது மறுபடி எல்லாம் போகும். என் காலத்தில் எல்லோரும் மிஞ்சியதை வைத்துத்தான் பெருக்கினோம்.

ஊசிமருந்து

அண்ணே, மிஞ்சியது எல்லாம் ஒரே காரணத்தால் மிஞ்சுவதில்லை. அதுதான் சிக்கல்.

ரத்தக்கசிவு நோய் என்றால், நிற்கிற முயல் ஒன்று நோய் கண்டு மீண்டதாக இருக்கலாம், இல்லையென்றால் கிருமியே எட்டாத மூலைக் கூண்டில் இருந்திருக்கலாம். இரண்டாவதற்கு எந்த எதிர்ப்பும் கிடையாது, அதிர்ஷ்டம் மட்டும்தான். ரத்தத்தில் எதிர்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். மீண்ட முயலுக்கு எதிர்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் அது அந்த முயல் சம்பாதித்தது, வம்சத்துக்குச் சொத்தாக எழுதிவைக்கிற விஷயம் இல்லை. தாயிடமிருந்து குட்டிக்குப் போகும் பாதுகாப்பு சில வாரத்தில் கரைந்துவிடும். இன்னொன்று, மீண்ட முயல் ஆறு வாரம் வரையிலும், அதற்கு மேலும்கூட, வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் புது முயலை வைத்தால் கதை முடிந்தது.

பாஸ்டுரெல்லா தும்மல் என்றால் நிலைமை தலைகீழ். மிஞ்சிய முயல்தான் அங்கே கிருமிக் கிடங்கு. மூக்கின் உள்ளறைகளிலும் நடுக்காதிலும் கிருமி ஒளிந்திருக்கும். மருந்து கொடுத்தால் தும்மல் நிற்கும், கிருமி போகாது. குட்டி ஈன்ற களைப்பிலோ வெயிலிலோ மறுபடி கிளம்பும். பாலூட்டும்போது குட்டிகளுக்கும் ஒட்டிவிடும்.

ரத்தக்கழிச்சல் (காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வருவது) என்றால் மிஞ்சியதை வைத்துக்கொள்ளலாம். பெரிய முயல்கள் முட்டைகளை எச்சத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும், ஆனால் தளம் உலர்ந்து, எச்சம் தினமும் அகன்றால் கட்டுக்குள் வைக்க முடியும். அந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஈரமும் ஓரிரண்டு நாள் அவகாசமும் வேண்டும். அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

கம்பிக்கூண்டு

மொத்தமாகத் தருகிறேன் என்கிற அந்த முயல்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. பண்ணையை ஏன் மூடுகிறாராம்? அதைக் கேட்டீர்களா?

சாம்பல்காது

"பார்த்துக்கொள்ள நேரமில்லை" என்றார். நேரில் போகவில்லை. இப்போது நான் போகவும் கூடாது, என் செருப்போடு கிருமியும் போகும்.

உறைவிப்பானில் ஒரு உடல் இருந்தது, அதை அனுப்பியிருக்கிறேன். மிஞ்சிய ஆறுக்கும் மூக்கில் சளி மாதிரியும் ரத்தமும் எடுத்திருக்கிறார்கள்.

புதுமடி

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடமும் ஒன்று தும்முகிறது. வீட்டில் அமாக்ஸிசிலின் இருக்கிறது, தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா? முடிவு வரும்வரை சாம்பல்காது அண்ணாவும் இதைச் செய்யலாமே என்று தோன்றியது.

ஊசிமருந்து

வேண்டவே வேண்டாம். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் எதையும் முயலுக்கு வாய்வழி கொடுக்கக் கூடாது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் சாகும், கிளாஸ்ட்ரிடியம் பெருகி நச்சைக் கக்கும், சில நாளில் கழிச்சலில் முயல் போய்விடும். தும்மலில் பிழைத்திருக்க வேண்டியது மருந்தில் சாகும். கோழிக்கான காக்சிடியா மருந்து கலந்த தீவனத்திலும் கவனம் வையுங்கள். நாராசின் முயலுக்கு விஷம், சாலினோமைசினும் கோழிக்குக் கலக்கும் அளவில் ஆபத்து.

உங்கள் முயலின் முன்னங்கால் உட்பக்கத்தைப் பாருங்கள். முடி ஈரமாக ஒட்டி, காய்ந்து சடைபிடித்திருந்தால் மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்தது. தூசித் தும்மலில் அப்படி ஆகாது. தனியாக வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாம்பல்காது

முடிவு வந்துவிட்டது. ஈரலில் ரத்தக்கசிவு நோய், இரண்டாம் வகை. உயிரோடு இருப்பவற்றில் மூன்று பெண்ணுக்கும் அந்த ஆணுக்கும் மூக்கில் பாஸ்டுரெல்லா. ரத்தத்தில் எதிர்பொருள் இருப்பது நான்கிற்கு. அதாவது இரண்டு நோயும் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

மூக்குச் சோதனையில் சுத்தம் என்று வந்த இரண்டு பெண்களை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

ஊசிமருந்து

ஒருமுறை "இல்லை" என்று வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை. கிருமி மூக்கில் எப்போதும் இறங்கி வராது. இடைவெளி விட்டு மறுபடி எடுக்க வேண்டும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையோடு பி.சி.ஆரும் பார்ப்பது நல்லது. வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தக் கொட்டகையில் இல்லாமல் வேறு காற்று, வேறு பாத்திரம், வேறு ஆள் என்று வையுங்கள். ஒரே ஆள்தான் என்றால் அவற்றைக் கடைசியாகக் கவனித்துவிட்டு நேராகக் குளிக்கப் போங்கள்.

என்னைக் கேட்டால், வேறு எங்காவது உங்கள் வம்சத்து ரத்தம் இருந்தால் இந்த இரண்டுக்காக இவ்வளவு ஆபத்தை எடுக்க மாட்டேன். வேறு எங்குமே இல்லை என்றால் எடுப்பேன்.

வைக்கோல்பிரி

அதுதானே பார்த்தேன். கடைசியில் எல்லாவற்றையும் கொல்லத்தான் சொல்கிறீர்கள்.

ஊசிமருந்து

இல்லை அண்ணே, இனப்பெருக்கத்திலிருந்து நீக்கச் சொல்கிறேன். கிருமி இருக்கிற ஆணை இணைய விட்டால் அதனிடம் வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கிருமியை நாமே கொண்டு போய்க் கொடுத்த மாதிரி. பாஸ்டுரெல்லா கர்ப்பப்பைக்கும் போகும், ஆணின் விதைக்கும் போகும். வெறும் சளி நோய் என்று நினைக்கக் கூடாது.

கம்பிக்கூண்டு

சரி, கொட்டகைக்கு வருவோம். முயல் வாங்குவதைப் பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள், கழுவுவதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குக் கழுவுவதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் சோப்பும் சாதாரணப் பினாயிலும் அதை அசைக்காது. கூண்டுக் கழுவலுக்கு விற்கும் குவாட்டர்னரி அமோனியம் வகைகளையும் நம்ப முடியாது. துணி வெளுக்க விற்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின்) திரவத்தைப் பத்தில் ஒரு பங்காகக் கலந்து, குறைந்தது 10 நிமிடம் ஈரமாகவே நிற்க விட வேண்டும். பொட்டாசியம் பெராக்ஸிமோனோசல்ஃபேட் தூள் கிடைத்தால் 1 சதவீதக் கரைசல் இன்னும் நல்லது, கம்பியையும் அவ்வளவாக அரிக்காது.

இதில் யாரும் சொல்லாத விஷயம் வரிசை. எச்சம், முடி, தூசி இருக்கும் இடத்தில் குளோரின் ஊற்றினால் அது அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமியிடம் போய்ச் சேராது. முதலில் சுரண்டு, அப்புறம் சோப்புத் தண்ணீர், அலசு, காய விடு, அதன் பிறகுதான் கிருமிநாசினி. காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசியாகப் பறக்கும். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள்.

தட்டிலும் கம்பியிலும் வெள்ளையாகப் படிந்திருக்கும் சிறுநீர்ப் பாறை இருக்கிறதே, அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. அதற்குள் கிருமி பத்திரமாக இருக்கும். வினிகர் மாதிரி அமிலத்தில் ஊறவைத்தால் இளகி வரும். ஆனால் அமிலம் முழுக்க அலசிப் போகும்வரை ஹைப்போகுளோரைட்டைப் பக்கத்தில் கொண்டு வராதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சிறுநீர் தேங்கிய தட்டில் நேரடியாக ஊற்றினாலும் மூச்சை அடைக்கும் வாயு வரும். கதவைத் திறந்து வைத்து, காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

மரத்தில் செய்த குட்டிப் பெட்டிகளை எரித்துவிடுங்கள். மரத்தைக் கழுவிச் சுத்தமாக்கலாம் என்பது ஆசை மட்டும்தான். மீதமிருக்கும் வைக்கோல், திறந்த தீவன மூட்டை, சாக்கு, துடைப்பம் எல்லாம் அதே வழியில் போகட்டும். கம்பியை நெருப்பு ஊதி வாட்டலாம். ஒட்டியிருக்கும் மயிரும் கருகும், காக்சிடியா முட்டையும் சாகும். அந்த முட்டைக்குக் குளோரின் உறைக்காது, சூடும் உலர்வும்தான் உறைக்கும்.

எவ்வளவு நாள் காலியாக விடுவது என்று அடுத்துக் கேட்பீர்கள். துணியில் உலர்ந்த நிலையில் அறை வெப்பத்தில் இந்த வைரஸ் 105 நாள் வரை பிழைத்திருப்பதாகச் சோதனை இருக்கிறது. செத்த உடலுக்குள் மூன்று மாதம் வரை நிற்கும், உறைபனியும் அதை ஒன்றும் செய்யாது. அதனால் கழுவி முடித்த நாளிலிருந்து நான்கு மாதம் என்று நான் சொல்வேன். கஷ்டம்தான். ஆனால் அந்த நான்கு மாதத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது: ஈ வலை, எலி புகும் ஓட்டைகள், காட்டு முயல் நடமாடும் இடத்திலிருந்து புல் அறுத்து வருவதை நிறுத்துவது. புதைத்த இடத்தை நாயோ பறவையோ தோண்டாமல் பார்ப்பதும் இதில் சேரும். ஈயும் காக்கையும் இந்தக் கிருமியைத் தூக்கிக்கொண்டு போகும்.

சாம்பல்காது

அண்ணா, இதை அச்சடித்துக் கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டேன். பெட்டிகளை எரித்தாயிற்று. சிறுநீர்ப் பாறை பற்றி நீங்கள் சொன்னதுதான் மலைப்பாக இருக்கிறது. ஒரு தட்டுக்கே அரை நாள் போகிறது.

கம்பிக்கூண்டு

ரொம்பப் பழைய தட்டை மாற்றிவிடுங்கள். நேரமும் காசுதான்.

பேரேடு

சுத்தம் பற்றி நன்றாகப் பேசிவிட்டீர்கள். நான் கணக்குப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் நோய் முடிந்தபின் இரண்டாவது அடி அங்கிருந்துதான் விழும்.

ஓர் ஆண், ஐந்து பெண் என்று தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு முயல் இருப்பது போலத் தெரியும். ஆனால் மரபணுக் கணக்கில் ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். 4 × 1 × 5 = 20, அதை 6-ஆல் வகுத்தால் 3.3. அதாவது மூன்றே சொச்சம் முயல் இருக்கும் கூட்டம் மாதிரிதான் அது நடந்துகொள்ளும். ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளினச் சேர்க்கை (உறவுக்குள் இணைவதன் அளவு) சுமார் 15 சதவீதம் ஏறும். அண்ணனையும் தங்கையையும் இணைத்தால் 25 சதவீதம், ஒரே தகப்பன் வேறு தாய் என்றால் 12.5. ஆக, நீங்கள் வேண்டுமென்றே யாரையும் உறவுக்குள் இணைக்காவிட்டாலும் அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

அதே கொட்டகையில் நான்கு ஆண், எட்டுப் பெண் வைத்தால்? 4 × 4 × 8 = 128, 12-ஆல் வகுத்தால் 10.7. தலைமுறைக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. பெண்ணைக் கூட்டுவதைவிட ஆணைக் கூட்டுவதுதான் மலிவான வழி. பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் போதும் என்பது குட்டி உற்பத்திக்கான கணக்கு. வம்சம் காப்பதற்கு அது ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல பண்ணைகள் நான்கைந்து தலைமுறையில் குட்டி எண்ணிக்கை குறைந்து, காரணம் தெரியாமல் தீவனத்தைத் திட்டிக்கொண்டிருக்கின்றன.

சரி, அதைவிட முக்கியமான கேள்வி: இத்தனை வருடத்தில் யாருக்கெல்லாம் முயல் கொடுத்தீர்கள்?

சாம்பல்காது

அக்கா, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பதிவேட்டைப் புரட்டினேன். நிறையப் பேருக்குக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் இன்னமும் வளர்க்கிறார்கள். ஒருவரிடம் என் பழைய ஆணின் பேரன்கள் இருக்கின்றன, வேறு எதையும் கலக்கவில்லையாம். இன்னொருவர் கலிபோர்னியன் இனத்தைக் கலந்திருக்கிறார், ஆனால் தாய் வழி என்னுடையது. இருவரிடமும் தும்மல் இல்லை, சாவும் இல்லை.

பேரேடு

ரொம்ப நல்லது. கலிபோர்னியன் கலந்ததை ஒதுக்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது நிறமில்லை, அந்தத் தாய்மைக் குணமும் பாதமும்தான். கொஞ்சம் வெளி ரத்தம் இப்போது உங்களுக்கு நல்லதே.

முயல்களை மூன்று வழியாக, அதாவது மூன்று தனிக் குடும்பமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழி, கலப்பில்லாமல் வைத்திருப்பவரிடமிருந்து. இரண்டாம் வழி, கலந்தவரிடமிருந்து. மூன்றாவதற்கு முழுக்க வேறு ரத்தம், ஆனால் அதே குணத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பண்ணையிலிருந்து. பெண் குட்டி எப்போதும் தாயின் வழியிலேயே தங்கும். ஆண் மட்டும் நகரும்: முதல் வழியில் பிறந்தவன் இரண்டாம் வழிப் பெண்களுக்கு, இரண்டாம் வழிக்காரன் மூன்றாவதற்கு, மூன்றாவது வழிக்காரன் முதலுக்கு. யார் யாருக்கு உறவு என்று ஒவ்வொரு தடவையும் தலையைச் சொறிய வேண்டியதில்லை. காதில் பச்சை குத்தும்போது வழிக்கு ஓர் எழுத்து சேர்த்துவிட்டால் போதும்.

வைக்கோல்பிரி

வழி, எழுத்து, கணக்கு எல்லாம் சரி. அந்த இரண்டு பேரிடமும் நோய் இல்லை என்று வாயால் சொன்னால் போதுமா? டாக்டர் இவ்வளவு நேரம் சொன்னது இதற்குப் பொருந்தாதா?

ஊசிமருந்து

அண்ணே, இப்போதுதான் நீங்கள் நம் பக்கம் வந்திருக்கிறீர்கள்!

பொருந்தும். வாங்கும் இடத்தில் முயலைப் பார்ப்பதற்கு முன் வயதான தாய் முயல்களைப் பாருங்கள். இளசுகள் எங்கும் பளபளப்பாகத்தான் இருக்கும். மூன்று வயதுத் தாயின் மூக்கு காய்ந்திருந்தால், தலை சாயாமல் இருந்தால், மடியில் கட்டி இல்லாமல் இருந்தால் அந்தப் பண்ணையை நம்பலாம். காதுக்குள் சொறி ஓடு இருக்கிறதா, பிறப்புறுப்பைச் சுற்றிப் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். முயல்களுக்கு இணைசேர்வதால் பரவும் மேகநோய் ஒன்று உண்டு, ஆண் பெண் இரண்டையும் பார்க்க வேண்டும். அப்புறம் குனிந்து, முயலின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சு இழுங்கள். அமோனியா நெடி அடித்தால் அங்கே எல்லா முயலின் சுவாசப் பாதையும் ஏற்கெனவே புண்ணாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தடுப்பூசி உங்கள் நாட்டில் அனுமதி உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாம் வகைக்கான ஊசியாக இருக்க வேண்டும், பழைய வகைக்கு மட்டுமான ஊசி முழுப் பாதுகாப்புத் தராது. முடிந்தால் கொடுப்பவரின் இடத்திலேயே போட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள். அந்த ஊசிக்குச் சொல்லப்பட்ட நாள் ஆனபின்தான் பாதுகாப்புத் தொடங்கும், வருடா வருடம் திருப்பிப் போட வேண்டும்.

கொண்டு வந்தபின் குறைந்தது 30 நாள் தனியிடம். வேறு வேறு இடத்து முயல்களை அந்த 30 நாளில் ஒன்றாக வைக்காதீர்கள். கொட்டகை சுத்தமாகிவிட்டதா என்பதில் சந்தேகம் இருந்தால், எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன் வம்சத்துக்குத் தேவைப்படாத ஓரிரண்டு முயல்களை உள்ளே விட்டுச் சில வாரம் பார்ப்பவர்கள் உண்டு. அவற்றுக்கு ஊசி போட்டிருக்கக் கூடாது. எனக்கு மனசுக்குப் பிடிக்காத முறை, ஆனால் வேலை செய்யும்.

சாம்பல்காது

நீண்ட நாள் கழித்து வருகிறேன். மிஞ்சிய ஆறையும், இருந்த குட்டிகளையும் வைத்துக்கொள்ளவில்லை. மொத்தமாகத் தருகிறேன் என்றவரிடமும் வாங்கவில்லை. காலியாக விட்ட காலம் முடிந்து, தனிமைக் காலமும் முடிந்து, இப்போது கொட்டகையில் முதல் வழிக்கு மூன்று பெண் இரண்டு ஆண், இரண்டாம் வழிக்கு மூன்று பெண் ஓர் ஆண், மூன்றாம் வழிக்கு இரண்டு பெண் ஓர் ஆண். எல்லாவற்றுக்கும் ஊசி போட்டாயிற்று.

இணைக்கத் தொடங்கினேன், ஆனால் சினை பிடிக்கவில்லை. பெண் ஒத்துழைக்கிறது, ஆணும் ஏறுகிறது, 14-ம் நாள் தடவிப் பார்த்தால் வயிற்றில் ஒன்றுமில்லை. மூன்று ஆண்களிடம் இதே கதை. பயமாக இருக்கிறது.

பேரேடு

வெயில் எப்படி இருந்தது?

சாம்பல்காது

முந்தைய மாதம் கடுமை. கொட்டகைக்குள் 34, 35 டிகிரி வரை போனது. இப்போது தணிந்துவிட்டது.

பேரேடு

அப்போ பயம் வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் ஆணின் விந்து கெடும். வெயில் தணிந்த அன்றே சரியாகாது, புது விந்து முழுசாக உருவாகி வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அதுவரை ஆண் ஆர்வமாக ஏறும், குட்டி இருக்காது. பெண்ணைக் குறை சொல்லி நீக்கிவிடாதீர்கள். நாலாவது ஆண் எங்கே இருந்தது?

சாம்பல்காது

சுவர் ஓரம், நிழல் பக்கம். அவனிடம் கொண்டு போன இரண்டு பெண்ணும் சினை!

கம்பிக்கூண்டு

அப்படியானால் எல்லா ஆண்களுக்கும் அந்தச் சுவர் ஓரத்தைக் கொடுங்கள்.

இன்னொன்று, முடிந்தவரை மூன்று நான்கு பெண்களை ஒரே நாளில் இணையுங்கள். 31 நாள் கணக்கில் எல்லாம் ஓரிரு நாள் வித்தியாசத்தில் ஈனும். ஒன்றுக்குப் பால் இல்லை என்றாலோ, ஒன்று பன்னிரண்டு போட்டாலோ, முதல் மூன்று நாளுக்குள் குட்டியை மாற்றி வைத்துவிடலாம். வம்சத்தில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு குட்டியும் வீணாகக் கூடாது. மாற்றும்போது மட்டும் அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் பேரேடு அக்கா நம்மைத் திட்டுவார்கள்.

பேரேடு

திட்டுவேன். வெள்ளைக் குட்டிக்கும் வெள்ளைக் குட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. மாற்றி வைக்கும் குட்டியின் காதுக்குள் பேனாவால் குறியிட்டு, அழிய அழியத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருங்கள், பச்சை குத்தும் வயது வரும்வரை.

சாம்பல்காது

குட்டிகள் வந்துவிட்டன. நிழல் ஆணின் இரண்டு ஈற்றும் நலம். ஒன்றில் ஏழு, ஒன்றில் ஆறு. முதல் வழித் தாய் பெட்டி நிரம்ப முடி பிடுங்கியிருக்கிறது, என் பழைய முயல்கள் செய்த மாதிரியே. மற்ற ஆண்களும் இரண்டு மாதம் கழித்துச் சரியாகிவிட்டார்கள். அடுத்த சுற்றில் நான்கு பெண் சினை.

இப்போது சந்தேகம்: முதல் ஈற்றிலிருந்து எத்தனை பெண்ணை இனப்பெருக்கத்துக்கு நிறுத்துவது? எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று கை பரபரக்கிறது.

பேரேடு

எண்ணிக்கை சேரும்வரை தேர்வைத் தளர்த்தலாம், ஆனால் இரண்டு விஷயத்தில் தளர்த்தாதீர்கள். மூக்கு ஈரமான குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குட்டியை மிதித்த தாயின் மகளும் வேண்டாம். எடை, நிறம், காது நீளம் எல்லாவற்றையும் இரண்டு தலைமுறை கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வோர் ஈற்றிலிருந்தும் ஒன்றிரண்டு எடுப்பது, ஒரே ஈற்றிலிருந்து ஆறு எடுப்பதைவிட நல்லது. நான்கு ஆணுக்கும் அடுத்த தலைமுறையில் ஆளுக்கு ஒரு மகனாவது நிற்க வேண்டும். நிழல் ஆண் முதலில் கொடுத்தான் என்பதற்காகக் கொட்டகை முழுக்க அவன் பிள்ளைகளாகிவிடக் கூடாது.

தாயிடமிருந்து பிரிக்கும்போது அவசரப்படாதீர்கள். ஐந்து வாரமாவது இருக்கட்டும். பிரித்த வாரத்தில் தீவனத்தை மாற்றாதீர்கள், காய்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். பிரித்த பிறகு வரும் குடல் நோய்தான் இந்த வயதில் அதிகம் கொல்லும்.

ஊசிமருந்து

குட்டிகளுக்கு ஊசி போடும் வயதை உங்களிடம் உள்ள மருந்தின் சீட்டில் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது. தாயின் பாதுகாப்பு கரைவதற்கும் ஊசி பிடிப்பதற்கும் நடுவில் இடைவெளி விடாதீர்கள்.

வைக்கோல்பிரி

தம்பி, மூன்றாம் வழி ஆண் ஒன்று மிஞ்சினால் எனக்குச் சொல். தெற்குப் பக்கம் தனியாக ஒரு கூண்டு போட்டு வைத்திருக்கிறேன், 30 நாள் அங்கேயே இருக்கட்டும்.

சாம்பல்காது

கண்டிப்பாக அண்ணே. ஊசி போட்டு, அது பிடித்தபின் நானே கொண்டு வருகிறேன். உங்கள் கொட்டகைக்குள் மட்டும் வர மாட்டேன், வாசலிலேயே கொடுத்துவிடுகிறேன்.